புழக்கடை அடுப்பு: தேர்வும் அமைப்பும்

வீட்டின் பின்புறத்தில், கொங்கு வழக்கில் சொன்னால் பொடக்காலியில், நெருப்புக்கு ஓர் இடம் மூன்று காரணங்களுக்காகத் தேவைப்படுகிறது. குளிக்க வெந்நீர் காய்ச்சுவது ஒன்று. பொங்கல், கிடா விருந்து, சீர் போன்ற நாட்களில் பெரிய சமையல் செய்வது இன்னொன்று. மார்கழிப் பனியில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து குளிர்காய்வது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே அடுப்பு நன்றாகச் செய்யாது. எந்த வேலை ஆண்டில் அதிக நாட்கள் நடக்கிறதோ, அதற்கேற்ற அடுப்பை நிரந்தரமாக வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் தற்காலிக ஏற்பாடாக விட்டுவிடுவதே சரியான வழி.

தேர்வு அடுப்பின்மேல் ஏறப்போகும் பாத்திரத்தில் தொடங்குகிறது. அனுப்பர்பாளையத்தில் இது இயல்பாகவே நடக்கக்கூடியது. திருப்பூர்–அவிநாசி சாலையை ஒட்டிய இந்தப் பகுதியில் பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரப் பட்டறைகள் தலைமுறைகளாக இயங்குகின்றன. பாத்திரத்தை நேரில் பார்த்து, எடை போட்டு, அளவெடுத்து வாங்க முடிகிற ஊரில் அடுப்பை முதலில் கட்டிவிட்டுப் பிறகு அதற்குப் பாத்திரம் தேடுவது வீண். ஆனாலும் மிகுதியாக நடக்கும் தவறு அதுதான். அடுப்பின் வாய் அகன்று போனால் தீயின் பாதி வெளியே வீணாகும். குறுகிப் போனால் அண்டா நிலையில்லாமல் ஆடும்.

நெருப்பே கூடாத வீடுகள்

விறகு நெருப்பு எல்லா வீட்டுக்கும் ஏற்றதல்ல. திருப்பூர்ப் பகுதியில் வீடும் தொழிலும் ஒரே காம்பவுண்டுக்குள் இருப்பது சாதாரணம். மேல்மாடியில் தையல் மிஷின், வராந்தாவில் செக்கிங், பின்னறையில் பனியன் பண்டல், மூலையில் கட்டிங் வேஸ்ட் மூட்டை என்று இருக்கும். பின்னலாடைத் துணியிலிருந்து உதிரும் பஞ்சுத் தூசி ஜன்னல் விளிம்பிலும் கூரை இடுக்கிலும் படியும். ஒரு தீப்பொறி போதும். அந்தத் தூசி நெருப்பைத் துணிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் திறந்த விறகடுப்பு வேண்டாம்:

1. அதே காம்பவுண்டில் துணி, நூல், பஞ்சு, அட்டைப்பெட்டி ஆகியவற்றின் இருப்பு.
2. தென்னை ஓலையோ கீற்றோ வேய்ந்த கூரை, பக்கத்து வீட்டுடையதாக இருந்தாலும்.
3. சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடுகள். இங்கே ஒரு வீட்டின் புகை மூன்று வீட்டுக்குள் போகும்.
4. அடுப்பு வைக்கும் இடத்துக்கு மேலே மின்கம்பி.

இத்தகைய வீட்டில் வெந்நீருக்குச் சூரிய ஹீட்டரோ மின்சார கீசரோ வைத்துக்கொண்டு, பொங்கலுக்கு மட்டும் வாசலில் மூன்று செங்கல் கூட்டுவது பாதுகாப்பானது.

பாத்திரத்தைத் தீர்மானித்தல்

வெந்நீருக்குத்தான் என்றால் எந்த உலோகம் என்பது பலரும் நினைக்கும் அளவுக்கு முக்கியமில்லை. செம்பு, எவர்சில்வரைவிட இருபது மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும் என்பது உண்மை. ஆனால் தண்ணீர் தானே சுழன்று வெப்பத்தைப் பரப்பிக்கொள்வதால் இரண்டிலும் கொதிக்கும் நேரத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. வேறுபாடு தெரிவது கெட்டியான சமையலில். பொங்கல், பாயசம், அல்வா போன்றவை மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் தீ படும் இடத்தில் மட்டும் அடிப்பிடிக்கும். கனமான பித்தளையும் செம்பும் சூட்டை அடி முழுவதும் பரப்பும். விறகுத் தீ ஒரே சீராக எரியாது என்பதால் இந்தக் குணம் புழக்கடையில் இரட்டிப்புப் பயன் தருகிறது.

செம்புக்கு இன்னொரு நன்மையும் உண்டு. நசுங்கினால் தட்டி எடுக்கலாம், ஓட்டை விழுந்தால் பட்டறையில் பற்றவைக்கலாம், கடைசியில் பழைய பாத்திரமாக எடைக்குப் போடலாம். வெந்நீர் அண்டா இருபது முப்பது ஆண்டுகள் தீயில் உட்காரப்போகிறது என்றால் செம்புக்குக் கொடுக்கும் கூடுதல் விலை நியாயமானது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. எடை. ஒரே கொள்ளளவுள்ள இரண்டு அண்டாக்களைத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். இலேசானது மெல்லிய தகட்டில் அடித்தது. விறகுத் தீக்கு அது ஆகாது.
2. அடிப்பாகம். விரலால் சுண்டினால் அடியிலும் பக்கத்திலும் எழும் ஒலியில் பெரிய வேறுபாடு இருக்கக் கூடாது. தட்டி இழுத்த இடத்தில் தகடு மெலிந்திருந்தால் அங்கேதான் முதலில் ஓட்டை விழும்.
3. பற்றவைப்பு. ஒட்டிய பாத்திரமாக இருந்தால் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் காகிதத்தின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும்.
4. வாய் விளிம்பும் பிடியும். ஐம்பது லிட்டர் அண்டா நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஐம்பது கிலோ. பிடி தறையாணியில் நிற்கிறதா, வெறும் ஒட்டில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.
5. உட்புறம். சமையலுக்கு என்றால் ஈயம் பூசியிருக்க வேண்டும்.

ஈயப் பூச்சு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நல்ல பாத்திரங்கள் பாழாவது பெரும்பாலும் இதில்தான். பூச்சு இல்லாத பித்தளையிலும் செம்பிலும் புளி, எலுமிச்சை, மோர் சேர்ந்த எதையும் சமைக்கக் கூடாது. சமைத்தால் களிம்பு ஏறி வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பூசப்படும் வெள்ளீயமோ 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். விறகுத் தீ அதைவிடப் பல மடங்கு சூடானது. பாத்திரத்துக்குள் தண்ணீரோ பாலோ இருக்கும்வரை உட்பரப்பு 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால் பூச்சு தப்பிக்கிறது. வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு அரிசி களையப் போனால், திரும்பி வருவதற்குள் பூச்சு திரண்டு அடியில் முத்து முத்தாக நிற்கும். எனவே ஈயம் பூசிய பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றிய பிறகே தீ மூட்ட வேண்டும். நெய்யை வெறும் பாத்திரத்தில் காய்ச்சித் தாளிப்பதற்குத் தனி வாணலி வேண்டும். உள்ளே செந்நிறமோ மஞ்சள் நிறமோ தெரியத் தொடங்கினால் மறுபடி பூச வேண்டிய காலம் வந்துவிட்டது. குளிக்கும் தண்ணீர் மட்டும் காயும் அண்டாவுக்கு ஈயம் தேவையில்லை.

குறிப்பு: விறகடுப்பில் ஏற்றுமுன் பாத்திரத்தின் வெளிப்புற அடியில் சாம்பலையோ களிமண்ணையோ தண்ணீரில் குழைத்துப் பூசிவிட்டால் கரி அந்தப் பூச்சின்மேல் படியும். கழுவும்போது இரண்டும் சேர்ந்து வந்துவிடும்.

அடுப்பு வகைகள்

மூன்று கல் அடுப்பு. செங்கல்லை முக்கோணமாக வைத்தால் தயார். பொங்கல் நாளுக்கும், வருடத்தில் ஓரிரு முறை வரும் சமையலுக்கும் இதைவிட வேறொன்று தேவையில்லை. ஆனால் விறகை அதிகம் தின்னும். காற்றடித்தால் தீ பாத்திரத்தை விட்டு விலகும். தினமும் வெந்நீருக்கு இதைப் பயன்படுத்துவது விறகையும் கண்ணையும் சேர்த்துக் கெடுப்பது.

கட்டிய செங்கல் அடுப்பு. தினசரி வெந்நீருக்கும், மாதம் ஒருமுறை சமையலுக்கும் ஏற்றது இதுவே. பக்கத்தில் ஒரு கொடியடுப்பு சேர்த்துவிட்டால் பெரிய அடுப்பிலிருந்து வெளியேறும் சூட்டிலேயே இன்னொரு பாத்திரம் காயும். இதை அமைக்கும் முறை பின்னால் விரிவாக வருகிறது.

கோட்டடுப்பு. நீளமாகக் குழி வெட்டி, வரிசையாக அண்டாக்களை ஏற்றும் விருந்து அடுப்பு. ஐம்பது பேருக்கு மேல் சமையல் என்றால் மட்டும் வெட்டி, வேலை முடிந்ததும் தண்ணீர் தெளித்து, ஆறிய பிறகு மண்ணை மூடிவிட வேண்டும். நிரந்தரக் குழியாக விட்டால் மழைநீர் தேங்கும், இருட்டில் குழந்தைகள் விழுவார்கள்.

செம்பு பாய்லர். நடுவில் புகைக்குழாய் ஓடும் செம்பு உருளை. குழாயின் அடியில் சிறு விறகும் தேங்காய்த் தொட்டியும் எரியும். சுற்றிலும் தண்ணீர் காயும். தீயைத் தண்ணீரே சூழ்ந்திருப்பதால் குறைந்த விறகில் நிறைய வெந்நீர் கிடைக்கும். தீப்பொறியும் அதிகம் பறக்காது. சிறிய புழக்கடை, வெந்நீர் மட்டுமே தேவை என்ற வீட்டுக்கு இதுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும். இரண்டு விதிகள் மட்டும் மீறக் கூடாதவை. தண்ணீர் இல்லாமல் தீ மூட்டக் கூடாது. மூட்டினால் ஒட்டுகள் இளகிவிடும். ஆவி வெளியேறும் வாயை ஒருபோதும் அடைக்கக் கூடாது. அடைத்தால் பாய்லர் வெடிக்கும். வெந்நீர் வரும் வாயில் பிளம்பரைக் கொண்டு அடைப்புக் குழாய் பொருத்துவது உயிருக்கு உலை வைக்கும் வேலை.

மரத்தூள் அடுப்பு. தகர டின்னுக்குள் நடுவிலும் பக்கத்திலும் உருட்டுக்கட்டை வைத்து மரத்தூளை இறுக்கி அடைத்து, கட்டையை மெல்ல உருவிவிட்டுப் பற்றவைப்பது. ஊதாமல் கிளறாமல் மணிக்கணக்கில் சீராக எரியும். மரத்தூள் காய்ந்ததாக இருக்க வேண்டும். எரியும்போது டின்னை நகர்த்தினால் உள்ளே தூள் சரிந்து புகையும்.

கணப்புச் சட்டி. குளிர்காய்வதற்கு இரும்பாலான, கால் வைத்த, தூக்கி வைக்கக்கூடிய சட்டியே போதும். மலையோர விடுதிகளில் கல் பதித்த வட்டமான தீக்குழிகளைப் பார்த்துவிட்டு அதேபோல் வீட்டிலும் கட்ட விரும்புவோர் இப்போது உண்டு. ஊட்டியின் குளிர் வேறு. திருப்பூரில் குளிர்காயத் தேவைப்படும் இரவுகள் மார்கழியிலும் தையிலும் சில வாரங்களே. மீதி நாளெல்லாம் அந்தக் குழி குப்பைத்தொட்டியாகத்தான் கிடக்கும்.

எரிவாயு அடுப்பு. புகை இல்லை, தீப்பொறி இல்லை. பெரிய பர்னருக்கு அதற்குரிய ரெகுலேட்டரும் தடித்த ரப்பர் குழாயும் கட்டாயம். கசியும் எரிவாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். எனவே சிலிண்டரைச் சாக்கடை, தண்ணீர்த் தொட்டிக் குழி, படிக்கட்டின் அடி ஆகியவற்றின் பக்கம் வைக்கக் கூடாது. குழாயை நெருப்பின் அடியில் இழுத்துச் செல்லவும் கூடாது.

எவ்வளவு விறகு செலவாகும் என்று கணக்குப் பார்த்தால் தேர்வு எளிதாகும். நாற்பது லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குக் காய்ச்ச 1,600 கிலோ கலோரி வேண்டும். ஒரு கிலோ காய்ந்த விறகில் ஏறத்தாழ 3,500 கிலோ கலோரி இருக்கிறது. மூன்று கல் அடுப்பு அதில் பத்து சதவீதம் அளவில் மட்டுமே பாத்திரத்துக்குக் கொடுப்பதால் நாலரை கிலோ விறகு எரியும். மேம்படுத்திய அடுப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் கேட்கும் குறைந்தபட்சத் திறன் 25 சதவீதம். அந்த அடுப்பில் இரண்டு கிலோவுக்குள் வேலை முடிந்துவிடும்.

இடம் குறித்தல்

கொங்குப் பகுதியில் இரண்டு காற்றுகள் முக்கியம். வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் பலத்த காற்று வரும். ஆடியில் அது உச்சம். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். ஐப்பசியிலிருந்து தை வரை வடகிழக்கிலிருந்து மெல்லிய காற்று. தென்கிழக்கு மூலையில் அடுப்பு இருந்தால் மேற்குக் காற்று புகையைக் கிழக்கே தள்ளிவிடும். வடகிழக்குக் காற்று தென்மேற்கே தள்ளிவிடும். இரண்டு பருவத்திலும் புகை வீட்டுக்குள் வராது. மரபில் அக்னி மூலை என்று தென்கிழக்கைச் சொல்வது இந்த ஊர்க் காற்றுக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் தன் வீட்டைத் தப்புவிக்கும் புகை அடுத்த வீட்டு ஜன்னலில் போய் நிற்கக் கூடாது. அந்த மூலைக்கு அப்பால் யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் பார்த்தே இடம் குறிக்க வேண்டும்.

1. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் உத்தேச இடத்தில் ஒரு தூபக்காலில் சாம்பிராணி போட்டு, புகை எங்கே போகிறது என்று பத்து நிமிடம் கவனிக்க வேண்டும். மூன்று நாள் பார்த்தால் போதுமான தெளிவு கிடைக்கும்.
2. கட்டிய அடுப்பு வீட்டுச் சுவர், மரக்கதவு, துணி காயும் கொடி ஆகியவற்றிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்க வேண்டும். திறந்த நெருப்புக்கு இதைவிட அதிக தூரம் தேவை. அமெரிக்காவில் பின்பற்றப்படும் தீ விதித்தொகுப்பு கட்டடத்திலிருந்து 25 அடி கேட்கிறது. மூன்று சென்ட் மனையில் அந்த இடைவெளி கிடைக்காது என்பதால் அங்கே திறந்த நெருப்பு வேண்டாம்.
3. தலைக்கு மேல் பார்க்க வேண்டும். தென்னை மட்டை தொங்குகிறதா, முருங்கைக் கிளை தாழ்ந்திருக்கிறதா, கேபிள் ஒயர் போகிறதா?
4. கீழே பார்க்க வேண்டும். செப்டிக் டேங்க் மூடி, தண்ணீர்க் குழாய், பி.வி.சி. சாக்கடைக் குழாய் ஆகியவற்றின்மேல் அடுப்பு வரக் கூடாது.
5. தண்ணீர்க் குழாயோ தொட்டியோ பதினைந்து அடிக்குள் இருக்க வேண்டும். குளியலறையும் கூடியவரை அருகில் இருப்பது நல்லது. கொதிக்கும் தண்ணீரைச் சுமந்து நடக்கும் தூரம் குறையக் குறைய விபத்தும் குறையும்.

செங்கல் அடுப்பு கட்டும் முறை

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 18 அங்குல விட்டமுள்ள அண்டாவுக்கான அடுப்பு. பாத்திரத்தின் அளவு மாறினால் அடுப்பின் அளவும் அதே கணக்கில் மாற வேண்டும்.

தேவையானவை: நாட்டுச் செங்கல் 80, செம்மண் அல்லது புற்றுமண் நாலு சட்டி, உமி அல்லது நறுக்கிய வைக்கோல் ஒரு சட்டி, 14 அங்குல நீள இரும்புப் பட்டை இரண்டு, தீக்கம்பி வைக்க 24 அங்குல முறுக்குக் கம்பி எட்டு, நாலு அங்குல இரும்புப் புகைக்குழாய், சாணம்.

1. மூன்றடிக்கு மூன்றடி சதுரம் குறித்து, நாலு அங்குலம் தோண்டி, மண்ணைத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்க வேண்டும்.
2. அதன்மேல் செங்கல்லைப் படுக்கையாகப் பரப்ப வேண்டும். இதற்கு 32 கல் போகும். கான்கிரீட் தளத்தின்மேல் நேராகத் தீ வைத்தால் ஈரம் ஆவியாகி மேற்பரப்பு வெடித்துத் தெறிக்கும். தளம் ஏற்கெனவே இருந்தால் அதன்மேலும் இந்தச் செங்கல் வரிசை வேண்டும்.
3. மண்ணையும் உமியையும் கலந்து, தண்ணீர் விட்டு மிதித்து, ஒரு இரவு ஊறவிட வேண்டும். சிமென்ட் சேர்க்கக் கூடாது. தீ படும் இடத்தில் சிமென்ட் பொரிந்து உதிர்ந்துவிடும். மண் சுட்டுச் செங்கல்லோடு சேர்ந்துகொள்ளும்.
4. ஆணியும் கயிறும் வைத்து 20 அங்குல விட்டத்தில் வட்டம் போட்டு, அதன் வெளிப்பக்கமாகச் செங்கல் வரிசையைத் தொடங்க வேண்டும். காற்று வேகமாக வரும் திசைக்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் எட்டு அங்குல அகலத்துக்கு வாய் விட வேண்டும். நேர்க்காற்று வாய்க்குள் புகுந்தால் தீ அடங்காமல் எரிந்து விறகைத் தின்றுவிடும்.
5. முதல் வரிசை முடிந்ததும் முறுக்குக் கம்பிகளை இரண்டு விரல் இடைவெளியில் குறுக்கே அடுக்க வேண்டும். விறகு இதன்மேல் எரியும். காற்று அடியிலிருந்து வரும். சாம்பல் கீழே விழும். இந்தக் கம்பித்தட்டு இல்லாமல் தரையில் எரியும் விறகடுப்புதான் கண்ணெரியப் புகைவது.
6. மூன்று வரிசை ஏறியதும் வாய்க்கு மேல் இரும்புப் பட்டைகளை வைத்து அடுத்த வரிசையை அதன்மேல் ஓட்ட வேண்டும்.
7. ஐந்தாவது வரிசையில், வாய்க்கு எதிர்ப்புறம், புகைக்குழாய்க்கு நாலு அங்குலத் துளை விட வேண்டும். குழாய் இரும்பாக இருக்க வேண்டும், பி.வி.சி. உருகி நச்சுப் புகை விடும். துத்தநாகம் பூசிய தகரக் குழாய் கையிருப்பில் இருந்தால் தீயை ஒட்டிய முதல் இரண்டடிக்கு அதைப் போடக் கூடாது. பூச்சு எரிந்து வரும் புகை காய்ச்சலை உண்டாக்கும்.
8. மேல் விளிம்பில் வட்டத்தின் உட்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும்படி மூன்று அரைச்செங்கல்லைக் குமிழாகப் பதிக்க வேண்டும். அண்டா இவற்றின்மேல் உட்கார்ந்த பிறகு, அடிக்கும் கம்பித்தட்டுக்கும் நடுவே ஏழு அங்குலமும், பாத்திரத்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு விரல் சந்தும் இருக்க வேண்டும். சந்து கூடினால் தீ வீணாகும். குறைந்தால் புகை திரும்பி வாய்வழியே வரும்.
9. உள்ளும் புறமும் மண்ணைப் பூசி, நிழலில் ஐந்தாறு நாள் காயவிட வேண்டும். வெயிலில் காயும் பூச்சு வெடிக்கும். வெடித்த கீறல்களை மண்கரைசலால் அடைத்துச் சாணம் மெழுக வேண்டும்.

அண்டாவை நிரந்தரமாக மண்ணில் பதித்துவிடும் வழக்கமும் உண்டு. வெப்பம் நன்றாகத் தங்கும் என்றாலும், ஓட்டை விழுந்தால் அடுப்பையே உடைக்க வேண்டிவரும். தூக்கி எடுக்கும்படி வைப்பதே நல்லது.

குறிப்பு: அலங்காரத்துக்காக நொய்யலிலோ வாய்க்காலிலோ பொறுக்கிய கூழாங்கற்களை அடுப்பைச் சுற்றி அடுக்கக் கூடாது. நெடுநாள் தண்ணீரில் கிடந்த கல்லின் உள்ளே ஈரம் இருக்கும். சூடேறும்போது அது ஆவியாகிக் கல்லைக் குண்டுபோல் வெடிக்க வைக்கும்.

புகைக்குழாயை வைத்துவிட்டு மறந்துபோவது பழைய கதை. ஐதராபாத்தில் பொறியியல் ஆய்வாளர் எஸ்.பி. ராஜு 1953இல் புகையில்லா அடுப்பைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1980களில் மத்திய அரசு நாடு முழுவதும் மேம்படுத்திய அடுப்புகளைக் கொண்டுசென்றது. அவற்றில் பல கைவிடப்பட்டதற்கு ஒரு முக்கியக் காரணம், குழாயில் கரி அடைத்துக்கொண்டதும் சுத்தம் செய்ய யாரும் இல்லாமல் போனது. மாதம் ஒருமுறை, ஆறிய குழாயில் நீளக் கம்பியின் நுனியில் சாக்கைச் சுற்றி மேலிருந்து கீழாக இழுத்தால் வேலை முடிந்தது.

முதல் தீ

1. முதல் நாள் அண்டா ஏற்றாமல், கைப்பிடி அளவு சுள்ளியை மட்டும் கால்மணி நேரம் எரிக்க வேண்டும்.
2. இரண்டாம் நாள் அரை மணி நேரம், சற்றுப் பெரிய விறகு.
3. மூன்றாம் நாள் அண்டாவில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி முழுத் தீ.

அவசரப்பட்டு முதல் நாளே முழு விறகை அடைத்தால் சுவரின் ஈரம் ஆவியாகி அடுப்பு பிளக்கும். ஒரு வாரம் பொறுத்துக் கட்டிய அடுப்பை ஒரு மணி நேரத்தில் இழப்பது இப்படித்தான்.

எதை எரிப்பது, எதை எரிக்கக் கூடாது

இரண்டு விறகைத் தட்டினால் ‘டங்’ என்று ஒலிக்க வேண்டும். மொத்தென்று ஒலித்தால் ஈரம் இருக்கிறது. வேலம், வேம்பு, புளி, சீமைக்கருவேலம் எல்லாம் நின்று எரியும். தென்னை மட்டையும் பாளையும் தீ பிடிக்க வைக்க உதவும். தேங்காய்த் தொட்டி கடும் சூடு தரும். வேலியோர அரளியை மட்டும் தவறியும் போடக் கூடாது. அதன் புகையே விஷம்.

இந்த ஊரில் அடுப்பு பற்றவைக்கக் கைக்கு எட்டுவது பனியன் வேஸ்ட். இதுதான் திருப்பூர்ப் புழக்கடைகளின் தனிப்பட்ட ஆபத்து, பலருக்கும் தெரியாத ஆபத்து. சுத்தமான, சாயமேறாத பருத்தித் துணுக்கு வெறும் பருத்தியாகவே எரியும். ஆனால் கட்டிங் மேசையிலிருந்து வரும் மூட்டையில் பாலியெஸ்டர், நைலான், இழுபடும் ஸ்பாண்டெக்ஸ் எல்லாம் கலந்திருக்கும். கண்ணால் பிரிக்க முடியாது. பாலியெஸ்டர் உருகிச் சொட்டும். தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். நைலானும் ஸ்பாண்டெக்ஸும் எரியும்போது வரும் புகையில் சயனைடு வாயு இருக்கிறது. அந்தப் புகையைத் தினமும் காலையில் அடுப்பு ஊதும் பெண்ணும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தையும் சுவாசிக்கிறார்கள். வேஸ்ட் துணிக்குப் பதிலாக இரண்டு தேங்காய் நாரும் ஒரு பாளைச் சிராயும் போதும்.

பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பாலிதீன் கவர், தெர்மாகோல், ரப்பர், டயர் எதுவும் அடுப்புக்குரியவை அல்ல. போகியன்று பழையதை எரிப்பதாகச் சொல்லி இவற்றைக் கொளுத்துவதும் கூடாது. திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதைத் தடை செய்கின்றன.

அணையும் தீ மேல் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றுவது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. தீ டின் வரை ஓடி வரும்.

தீயோடு வேலை செய்யும்போது

அடுப்பின் அருகே நிற்பவர் பருத்தி உடை உடுத்த வேண்டும். நைலான் நைட்டி, தொங்கும் துப்பட்டா, அகன்ற கை எல்லாம் ஆபத்து. புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். அடுப்பைச் சுற்றி நாலடிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, குழந்தைகள் தாண்டக் கூடாத எல்லை அது என்று பழக்க வேண்டும். இரண்டு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல், நனைத்த சாக்கு ஒன்று ஆகியவை தீ மூட்டுமுன்பே பக்கத்தில் இருக்க வேண்டும். பற்றிய பிறகு தேட நேரமிருக்காது. எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடி போட்டோ நனைத்துப் பிழிந்த சாக்கால் மூடியோ அணைக்க வேண்டும்.

ஆடிக் காற்று பலமாக வீசும் நாளில் அடுப்பு மூட்ட வேண்டாம். ஒருநாள் பச்சைத் தண்ணீரில் குளிப்பதால் எதுவும் கெட்டுவிடாது.

கொதிக்கும் அண்டாவை இருவர் தூக்கி நடப்பது பெரும் சூட்டுக் காயங்களுக்குக் காரணம். அண்டா அடுப்பிலேயே இருக்க, சொம்பால் மொண்டு வாளிக்கு மாற்ற வேண்டும். குளியலறை வாளியில் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, வெந்நீரைப் பிறகு கலக்க வேண்டும்.

உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. படுத்து உருள வேண்டும். சூடு பட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, மை, மாவு, ஐஸ்கட்டி எதையும் வைக்கக் கூடாது. தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. இந்த இரண்டு எண்களையும் புழக்கடைக் கதவின் உட்பக்கம் பெரிதாக எழுதி வைப்பது நல்லது.

அணைத்தலும் சாம்பலும்

1. குளியல் முடிவதற்குக் கால்மணி நேரம் முன்பே விறகை வெளியே இழுத்து, முனையை மணலில் குத்தி அணைக்க வேண்டும். மீதிச் சூட்டில் தண்ணீர் காய்ந்துகொண்டிருக்கும்.
2. சூடான செங்கல்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, கல் விண்டுவிடும். கங்கை மட்டும் வெளியே இழுத்துத் தண்ணீர் தெளிக்க வேண்டும்.
3. கணப்புச் சட்டியில் மிஞ்சிய கங்கைக் குளிருக்காகப் படுக்கையறைக்குள் எடுத்துச் செல்லக் கூடாது. மூடிய அறையில் கங்கு விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குபவர் எழுந்திருக்க மாட்டார்.
4. சாம்பலை மூடியுள்ள இரும்பு டின்னில் அள்ள வேண்டும். பிளாஸ்டிக் கூடையிலோ, அட்டைப்பெட்டியிலோ, குப்பைமேட்டிலோ கொட்டக் கூடாது.
5. அந்த டின்னை ஒரு பகலும் ஒரு இரவும் வெளியில், சிமென்ட் தரையில் வைத்திருந்த பிறகே பாத்திரம் தேய்க்கவோ செடிக்குப் போடவோ எடுக்க வேண்டும். வெளியே குளிர்ந்து வெளுத்துப்போன சாம்பலுக்குள் கங்கு மறுநாள் காலையிலும் கனன்றுகொண்டிருக்கும்.